ஏலத்துக்கு வச்ச கிட்டார்

ஆமா அண்ணாச்சி, கிட்டாருதான். உங்க காலுல இடிக்குதோ? இந்தா, மடியில தூக்கி வச்சிக்கிடுதேன். மேல கம்பியில வைக்க எனக்கு மனசு வராது. டிரைவர் பிரேக்கப் போட்டான்னா யார் மண்டையிலயாவது விழும். மண்டை உடைஞ்சாக் கூடப் பரவால்ல, இது உடைஞ்சா என் மக சென்னையிலேருந்து போன் போட்டு ஏசுவா. அவ வாங்கிக் குடுத்தது.

திருநெல்வேலி வரைக்குமா? நானும் ஜங்ஷன்லதான் இறங்கணும். என் பேரு ஆசீர். நாசரேத்துக்கு அந்தப் பக்கம் ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். ஆணி, பெயிண்டு, தண்ணிக் குழாய், எல்லாம் உண்டு. ஞாயித்துக்கிழமையானா கோயில்ல கிட்டார் வாசிப்பேன். இருபத்தேழு வருஷமா வாசிக்கேன். இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. கடையப் பூட்டிட்டு வந்திருக்கேன். கல்யாண வீடு, துட்டி வீடு தவிர வார நாளுல நான் கடையப் பூட்டுனதே கிடையாது.

விக்கவா கொண்டு போறியன்னு கேக்கிய. இல்ல. பஸ் ஸ்டாண்டுல கூட ரெண்டு பேரு அதத்தான் கேட்டாவ. விக்கதுன்னு பேச்சு வந்தது இதப் பத்தி இல்ல, பழசப் பத்தி. இது புதுசு. அந்தப் பழசால ஒரு மாசம் நான் பட்ட பாடு நாய் படாது. இப்ப ஒண்ணும் இல்ல. இப்ப எல்லாம் மரத்துப் போச்சு. பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் இருக்குமே, இருக்கு ஆனா இல்ல, அப்படி இருக்கு மூணு வாரமா. சோத்தப் போட்டா திங்கேன். போடாட்டி கேக்கத் தோணல.

முதல்லேருந்து சொல்லுதேன். வழி தூரம் கிடக்கு.

என் மக ஷெரின், சென்னையில வேலை பாக்கா. லீவுக்கு வந்தவ என் விரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்கதப் பாத்துட்டா. பழைய கிட்டாருக்குக் கழுத்து வளைஞ்சு போச்சு. கம்பி மேல ஏறி நிக்கும். அழுத்திப் பிடிச்சாத்தான் சத்தம் வரும், பிடிச்சா விரல் கிழியும். "ஏம்ப்பா இதக் கட்டிக்கிட்டு அழுவுதிய"ன்னா. போன உடனே புதுசு ஒண்ணு அனுப்பி வச்சிட்டா. ஒயரு சொருகுனா கோயில் ஸ்பீக்கர்ல கணீர்னு கேக்கும். வெண்ணெய் மாதிரி விரல் போகும். சபையில எல்லாரும் ஆசீருக்கு வந்த வாழ்வப் பாருன்னாவ.

சரி, புதுசு வந்தாச்சு. பழச என்ன செய்ய? அதுதான் பிரச்சினையே.

கட்டிலுக்கு அடியில வச்சேன். ரெண்டு நாள்ல எடுத்து பீரோ மேல வச்சேன். அங்கயும் இருக்கவிடல மனசு. எடுத்துத் துடைச்சி முன்னறைச் சுவத்துல சாத்தி வச்சேன். வாறவன் போறவன்லாம் "இது எதுக்கு, அதான் புதுசு இருக்கே"ங்கான். வித்திரலாம்னு நினைப்பேன், எடுத்து இன்னொரு தடவை துடைச்சி வைப்பேன். வச்சிக்கிடலாம்னு நினைப்பேன், வீட்ட அடைச்சிக்கிட்டு எதுக்குன்னு தோணும். எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன் அண்ணாச்சி. கீபோர்டு வாசிக்க ஜாஸ்பர்கிட்ட கேட்டேன், வித்துத் தள்ளும்னான். ஐயருகிட்ட, அதான் எங்க பாதிரியாருகிட்ட, கேட்டேன், ஜெபம் பண்ணித் தீர்மானம் பண்ணுங்கன்னாவ. மககிட்ட கேட்டேன். கடைக்கு பெயிண்டு கொண்டு வாற ஆளு, அவருகிட்டயும் கேட்டேன். ஊருல கேக்காத ஆளு பாக்கி கிடையாது.

மக சொன்னா, "போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா, நான் விளம்பரம் போடுதேன்"னு. அனுப்புனேன். மூணாம் நாளு கோவில்பட்டியிலேருந்து ஒருத்தர் கார் எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. நல்ல மனுஷன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு, தட்டிப் பாத்தாரு, மரம் நல்ல மரம்னாரு. கழுத்த நிமித்திக்கிடலாம்னாரு. பேரம் பேசவே இல்ல, சொன்ன விலைக்குச் சம்மதம்னுட்டாரு. என் வீட்டுக்காரி டீ கொண்டாந்து வச்சிட்டு அங்ஙனயே நிலையப் பிடிச்சிக்கிட்டு நின்னா. நான் கிட்டார எடுத்து அவரு கையில குடுக்கப் போறேன், கை விடமாட்டேங்கு. "மன்னிச்சிக்கிடுங்க சார், கொஞ்சம் யோசிக்கணும்"னுட்டேன். அந்த மனுஷனுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. காரு திரும்பி ரோட்டுக்குப் போன பிறகுதான் அவ உள்ள போய்ச் சோறு போட்டுத் தின்னா. மணி மூணு. அதுவரைக்கும் திங்கல போல. வெயிலுக்குப் பசி இருந்திருக்காது.

அவ பேரு பாக்கியசீலி. பாளையங்கோட்டைக்காரி. பாடகர் குழுவுல இருக்கா, ஆல்டோ பாடுவா. ஆல்டோன்னா மேல நிக்காம கொஞ்சம் தாழ்ந்து, மத்தவங்க ராகத்துக்கு அடியில பாடுத குரலு. தனியாக் கேக்காது, ஆனா அது இல்லன்னா பாட்டு வெறுமையா இருக்கும்பாவ. நான் வாசிக்க இடத்துக்கு நேர் முன்னாலதான் நிப்பா. இருபத்தேழு வருஷமா அவ பின்னங்கழுத்தப் பாத்துக்கிட்டேதான் வாசிக்கேன்.

அந்தக் கிட்டாரே அவ கூட வந்ததுதான். சொல்லலியே உங்ககிட்ட. கல்யாணத்துக்குக் கட்டில், பீரோ, மிக்ஸி எல்லாம் வேன்ல வந்து இறங்குச்சு, அது கூட இதுவும் இறங்குச்சு. அவ அப்பா மதுரையில வாங்கிக் குடுத்தாராம், இவ பதினாறு வயசுல ஓய்வுநாள் பள்ளியில பிள்ளைகளுக்கு வாசிச்சிருக்கா. வீட்டுக்கு வந்துட்டா எல்லாம் வீட்டுப் பொருள்தானே அண்ணாச்சி? மிக்ஸி யாரு கொண்டு வந்ததுன்னா பாக்கோம்? எங்க கோயில்ல அப்ப கிட்டார் வாசிக்க ஆள் இல்ல. பொம்பளை தோளுல மாட்டிக்கிட்டு நின்னா எங்க ஊருல சிரிப்பாவ, அந்தக் காலம் அப்படி. எனக்கு மூணு மாசம் அவதான் அடுப்படியில வச்சி விரல் பிடிக்கச் சொல்லிக் குடுத்தா. பிறகு நான் பிடிச்சிக்கிட்டேன். எல்லாரும் யார்கிட்டயாவது கத்துக்கிடதுதானே.

சரி, கதைக்கு வாறேன்.

விக்கவும் முடியல, வைக்கவும் முடியலன்னு கிடக்கும்போதுதான் அறுப்பின் பண்டிகை வந்துச்சு. உங்களுக்குத் தெரியாதுல்லா? எங்க கோயில்ல வருஷத்துக்கு ஒருதடவை. விளைஞ்சதுல முதல் பலனக் கொண்டு வந்து கோயில்ல வைக்கணும். வாழைத்தாரு, பூசணி, சேவல், ஆட்டுக்குட்டி, முட்டை, அவங்கவங்களுக்கு முடிஞ்சது. நான் வருஷா வருஷம் ஒரு டப்பா பெயிண்டு வைப்பேன். ஆராதனை முடிஞ்சதும் பந்தல்ல ஏலம் விடுவாவ. வேற ஏலம் மாதிரி இல்ல. ஒரு முட்டைய ஐந்நூறு ரூபாய்க்கு எடுப்பான். கோயிலுக்குத்தானே போகுதுன்னு. இதுல இன்னொண்ணும் உண்டு. வச்சவனே ஏலத்துல திருப்பி எடுத்துக்கிடலாம். சேவல வச்சவன் பாசம் விடாம அவனே எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிருவான். ஒருத்தரும் தப்பாச் சொல்லமாட்டாவ. அவன் கேக்கான்னு தெரிஞ்சா மத்தவன் வாயத் தொறக்கமாட்டான். அது மரியாதை.

எனக்கு அங்கதான் மூளை வேலை செஞ்சுது. கிட்டாரக் கொண்டு வச்சிருவோம். நம்மளே எடுத்துருவோம். கர்த்தருக்குக் குடுத்த மாதிரியும் ஆச்சு, வித்த மாதிரியும் ஆச்சு, வீட்டுல வச்சிக்கிட்ட மாதிரியும் ஆச்சு. இனி எவனும் எதுக்குன்னு கேக்கமுடியாது, ஏலத்துல எடுத்ததுன்னு சொல்லிரலாம். ஒரு கல்லுல மூணு மாங்காய். எனக்கு என் புத்திய நினைச்சி எனக்கே பெருமையா இருந்துச்சு.

அவகிட்ட சொல்லல. சொல்ல என்ன இருக்கு, திரும்ப வீட்டுக்குத்தானே வரப்போகுது. காலையிலயே கொண்டு போய் பூசணிக்காய்க்குப் பக்கத்துல சாத்தி வச்சிட்டேன். அவ பாடகர் குழுவோட உள்ள வரும்போது பாத்தா. ஒரு நிமிஷம் நின்னா. பிறகு போய் அவ இடத்துல நின்னா. அன்னைக்கு ஆல்டோ கேக்கவே இல்ல. தொண்டை கட்டியிருக்கும்னு நினைச்சேன்.

ஏலம் விடுதது பொன்னையா வாத்தியாரு. ரிட்டயர்டு ஆனவரு, மைக்கே வேண்டாம், அடுத்த ஊருக்குக் கேக்கும். பந்தல்ல ஆம்பிளைங்க ஒரு பக்கம், பொம்பிளைங்க ஒரு பக்கம். சேவல் போச்சு, தாரு போச்சு. கிட்டார எடுத்து உசத்திக் காமிச்சாரு. "ஆசீரு தன் சங்கீதத்தையே கொண்டாந்து வச்சிட்டாரு, யாரு கேக்கிய?"ன்னாரு. நான் ஆயிரம்னேன். எல்லாரும் சிரிச்சாவ, புரிஞ்சிக்கிட்டாவ. வாத்தியாரு "ஆயிரம் ஒருதரம்"னாரு. அவ்வளவுதான், முடிஞ்சிருச்சுன்னு நான் எந்திரிச்சேன்.

"ரெண்டாயிரம்."

பொம்பிளைங்க பக்கமிருந்து ஒரு குரலு. யாரு இது, மரியாதை தெரியாம, எவ மகனுக்கு கிட்டார் வேணுமாம்னு திரும்பிப் பாக்கேன். சத்தியமாச் சொல்லுதேன் அண்ணாச்சி, எனக்கு அந்தக் குரல அடையாளம் தெரியல. இருபத்தேழு வருஷமா மத்த குரலோட சேத்துத்தான் கேட்டிருக்கேன். வீட்டுல பேசுதது வேற. அவ எந்திரிச்சி நின்ன பிறகுதான் எனக்குத் தெரியும், அது என் வீட்டுக்காரின்னு.

சரி, விளையாடுதான்னு நினைச்சி மூவாயிரம்னேன். அவ உடனே நாலுன்னா. பந்தலே சிரிக்கு. வாத்தியாரு சும்மா இருப்பாரா? "ஏ ஆசீரே, வீட்டுலயே பேசி முடிச்சிட்டு வரப்படாதா? ஒரே அடுப்புல ரெண்டு உலையா? நடத்துங்க, கோயிலுக்கு லாபம்தான்"ங்காரு. நிறுத்துனா பொண்டாட்டிக்குப் பயந்துட்டான்ம்பான். நிறுத்தாட்டி பொண்டாட்டியோட மல்லுக்கு நிக்கான்ம்பான். இருதலைக் கொள்ளி எறும்புன்னு சொல்லுவாவளே, அன்னைக்குத்தான் அது எனக்குத் தெரிஞ்சுது. நான் ஏத்த ஏத்த அவளும் ஏத்துதா. நான் அவளப் பாக்கேன், அவ என்னப் பாக்கல. வாத்தியாரு கையில இருக்க கிட்டாரத்தான் பாத்துக்கிட்டிருக்கா.

கடைசியில அவ ஒரே தாவா பதினஞ்சாயிரம்னா. சிரிப்பு அடங்கிப் போச்சு. அவ துணி தைப்பா, சட்டைத் துணி, பள்ளிக்கூட யூனிபார்ம். அந்தச் சேமிப்பு பூராவும் அதுதான்னு பிறகு தெரிஞ்சுது. நான் உக்காந்துட்டேன். வாத்தியாரு குரலத் தாழ்த்திக் கேட்டாரு, "ஆசீர் குடும்பம்னு சொல்லிரட்டுமா அம்மா?"ன்னு. எங்க கோயில்ல எதுக்கும் அப்படித்தான் சொல்லுவாவ. அவ சொன்னா, "பாக்கியசீலின்னு சொல்லுங்க."

அவரு சொன்னாரு. "பாக்கியசீலி எடுத்தாச்சு!"

கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு ஓலை வாசிச்சி, இன்னாருக்கு இன்னாருன்னு அறிவிச்சாவல்லா, அப்ப கேட்டேன் அவ பேர அந்தக் கோயில்ல. அதுவும் என் பேரோட சேத்துத்தான்.

அவ நடந்து முன்னால வந்தா. கிட்டார வாங்குனா. தோளுல மாட்டிக்கிட்டு, அப்படியே ரோட்டு வழியா வீட்டுக்கு நடந்து போயிட்டா. அசன விருந்துக்கு நிக்கல. நான் பந்தியில உக்காந்தேன். இலையில சோறு போட்டாவ, குழம்பு ஊத்துனாவ, பக்கத்துல இருக்கவன் கேலி பேசுதான். எனக்கு ஒண்ணுமே உறைக்கல. கோவம் வரும்னு பாத்தேன், வரல. வெக்கம் வரும்னு பாத்தேன், அதுவும் வரல. அன்னையிலேருந்துதான் இப்படி.

வீட்டுல சண்டையா? சண்டையே இல்ல. காப்பி வருது, சட்டை தேய்ச்சி இருக்கு. அவ பேசுதா, கேஸ் தீர்ந்துபோச்சு, கரண்டு பில் கட்டணும்னு. நான் மத்தியானம் கடையச் சாத்திட்டுச் சாப்பிட வருவேன். நாலு மணி வரைக்கும் வீட்டுலதான். அந்த நேரத்துல அவ தையல் மிஷின் இருக்க பின்னறைக்குப் போய்க் கதவச் சாத்திக்கிட்டு வாசிப்பா. வளைஞ்ச கழுத்துலதான். அதே ஏறி நிக்க கம்பியிலதான். மறுநாளே விரல்ல பிளாஸ்திரி. "புதுச எடுத்து வாசியேன், எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னேன். பெருந்தன்மையாத்தானே சொன்னேன்? "அது உங்களோடது"ன்னா. நான் இத மக முன்னால தூக்கிக் குடுத்தாலும் வாங்கமாட்டா போல.

இதுவரைக்கும் கூட தாங்கிட்டேன் அண்ணாச்சி. போன வாரம் நடந்ததுதான்.

அறுப்புப் பாட்டு ஒண்ணு உண்டு எங்களுக்கு. வருஷா வருஷம் நான்தான் வாசிக்கேன். அன்னைக்கு அத அவ வாசிக்கா. மூணாவது வரியில நான் சி கார்டு பிடிப்பேன். அவ அங்க ஏ மைனர் பிடிச்சா, அது சோகமா ஒலிக்குத கார்டு. உங்களுக்கு எப்படிச் சொல்ல? பெரிய வித்தியாசமெல்லாம் இல்ல. ரெண்டு விரல் இருந்த இடத்துலயே இருக்கும். மோதிர விரல் மட்டும் எடுத்து வேற கம்பியில வைக்கணும். சபையில ஒருத்தருக்கும் இத்தனை வருஷமாத் தெரியல, எனக்கே தெரியல. ஆனா மாத்திக் கேட்டதும் நான் சோத்துல வச்ச கைய எடுத்துட்டேன். அது அழுகுத வரி அண்ணாச்சி. கண்ணீரோட விதைச்சாங்கன்னு வாற வரி. நான் அத இருபத்தேழு வருஷமா சந்தோசமா வாசிச்சிருக்கேன்.

அவ எனக்கு நேர் முன்னால நின்னு அது மேலயே பாடியிருக்கா.

கதவத் தட்டிக் கேட்டேன். "அது ஏ மைனரா?" "ஆமா." "நான் தப்பா வாசிக்கேன்னு உனக்குத் தெரியுமா?" "தெரியும்." "ஏன்டி சொல்லல?"

அவ கோவப்படல. கம்பியில விரல வச்சிக்கிட்டே சொன்னா, "சொன்னேனே. முத வருஷமே சொன்னேன், பண்டிகைக்கு முந்தின நாளு. 'எனக்குத் தெரியும், நீ போய் உலையப் பாரு'ன்னிய. உலை கொதிச்சிக்கிட்டுதான் இருந்துச்சு, போய்ப் பாத்தேன்."

எனக்கு ஞாபகமே இல்ல. எவ்வளவோ யோசிச்சிப் பாத்துட்டேன். நான் அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்ல. சொல்லியிருப்பேன். அவ பொய் சொல்லமாட்டா. ஒருநாள்ல எத்தனையோ சொல்லுதோம், யாரு எழுதியா வைக்கோம்?

மறுநாள் முன்னறையில உக்காந்து புதுச எடுத்தேன். அந்த வரிய வாசிச்சேன். விரல் தானா சி-க்குப் போகுது. அடக்கி, மெதுவா மறுபடி வாசிச்சேன். மறுபடியும் சி. மனசுக்குத் தெரியுது, விரலுக்குத் தெரியல. உள்ள அவ வாசிக்கத நிறுத்திட்டா. பிறகு அந்த மூணாவது வரிய மட்டும் மெதுவா வாசிச்சா, எனக்குக் கேக்கும்படியா. நிறுத்துனா. நான் வாசிச்சேன். சி. அவ திரும்பவும் வாசிச்சா, இன்னும் மெதுவா. நிறுத்திக் காத்துக்கிட்டிருந்தா. நானும் வாசிச்சேன். சி. மூணாவது தடவை அவ காத்திருக்கல. தையல் மிஷின் சத்தம் கேட்டுச்சு.

அதான் இன்னைக்கு வாறேன். ஜங்ஷன் பக்கத்துல மாடியில ஒரு கிட்டார் கிளாஸ் இருக்காம். ஜாஸ்பர் சொன்னான். இந்த ஒரு விரல மாத்தி வைக்க எத்தனை நாளாகும்னு கேக்கணும். ஐம்பத்திமூணு வயசுல வகுப்புக்கு வந்திருக்கான்னு சிரிப்பானோ என்னமோ. சிரிக்கட்டும். எனக்கு இப்ப எதுவும் உறைக்கமாட்டேங்கு. வீட்டுல, புதுசுக்கு ஒயரு சரியில்ல, கடையில காட்டிட்டு வாறேன்னு சொல்லியிருக்கேன். அவ, மழை வரும்போல இருக்கு, உறையப் போட்டுக் கொண்டு போங்கன்னா.

என்ன கேட்டிய? பஸ் சத்தத்துல கேக்கல.

அவகிட்டயே கேட்டா என்னன்னா கேக்கிய?

அவகிட்டயா?

அவ சொல்லிக் குடுப்பா அண்ணாச்சி. கேட்டா கண்டிப்பாச் சொல்லிக் குடுப்பா. ஒரு வார்த்தை குத்திக் காட்டமாட்டா, பக்கத்துல உக்காந்து என் விரலப் பிடிச்சி எடுத்து வைப்பா. எனக்கு அதான் பயமா இருக்கு.